வெள்ளைக் கட்டத்தில் நின்றவன்

1

நம்ம ஊர்ச் சங்க மலரைத் தொகுக்கிற வாத்தியார் வருஷம் தவறாமல் போன் போடுவார். "அண்ணா, மைசூர் அனுபவம் நாலு பக்கம் வேணுமுங்க. அரண்மனை, தசரா, யானை, மல்லிகைப்பூ, அந்த மாதிரி சனங்க விரும்பிப் படிக்கற மாதிரி." நானும் நாலு வருஷம் யானையையும் மல்லிகையையும் மாற்றி மாற்றி எழுதிக் கொடுத்தேன். உண்மையைச் சொன்னால், நாற்பது வருஷத்தில் நான் அரண்மனைக்குள் போனது ரெண்டே தடவை. ரெண்டு தடவையும் ஊரிலிருந்து வந்த உங்களில் யாரையோ கூட்டிக்கொண்டு போனதுதான்.

இந்த வருஷம் யானை கிடையாது. கோபம்தான் இருக்கிறது, அதைத்தான் எழுதுகிறேன். வேண்டாமென்றால் என் பக்கத்தை நகைக்கடை விளம்பரத்துக்குக் கொடுத்துவிடலாம். போடுவதானால் முழுசாகப் போட வேண்டும். கடைசியில் சில அளவுகள் வரும். அதில் ஒரு புள்ளியைக்கூட வாத்தியார் வெட்டக் கூடாது. ஏன் என்று படித்தால் தெரியும்.

என்னைத் தெரியாத இளசுகளுக்காக: பொன்னுசாமி. ஆறாம் வகுப்போடு சரி. சங்ககிரியில் லாரி பாடி கட்டுகிற பட்டறையில் வெல்டிங் பிடித்தேன். இருபத்தி ரெண்டு வயசில் மைசூர் மண்டி மொஹல்லாவுக்கு வந்து ஒரு ஜன்னல் கிரில் கடையில் நின்றேன். இன்றைக்கு மேட்டகள்ளியில் சொந்த ஷெட். ஊதுபத்தி மெஷின் செய்கிறேன். மைசூரில் பத்தி திரிக்கிற எந்தத் தெருவுக்குள் போனாலும் என் மெஷின் சத்தம் கேட்கும். யாரும் என்னைத் தூக்கி விடவில்லை. இதை நான் அடிக்கடி சொல்கிறேன் என்று வீட்டில் குறை. சொல்லத்தான் செய்வேன். உண்மைதானே.

2

இங்கே ஒரு பெரிய ஊதுபத்திக் கம்பெனி. பெயர் வேண்டாம். தசராவுக்கு முன்னால் மெஷின் சப்ளை செய்கிற எங்களையெல்லாம் ஒரு மீட்டிங்குக்குக் கூப்பிட்டார்கள். கேட்டிலேயே செக்யூரிட்டி ரிஜிஸ்டரை நீட்டினான். பெயர், எங்கிருந்து வருகிறீர்கள், யாரைப் பார்க்க, என்ன காரியம். கன்னடம் பேச எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம், ஆனால் எழுதத் தெரியாது. தமிழில் எழுதினேன். அவன் அதைத் தலைகீழாகவும் நேராகவும் பார்த்துவிட்டு, என் போனை வாங்கி கேமரா மேல் சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டினான். உள்ளே போட்டோ எடுக்கக் கூடாதாம். உள்ளே ஓடுகிற மெஷினில் எட்டு நான் செய்தது. என் பிள்ளையை நான் போட்டோ எடுக்கக் கூடாது என்கிற மாதிரி இருந்தது.

மாடியில் ஏசி ஹால். பெங்களூரிலிருந்து வந்த கோட்டுப் போட்ட தம்பி ஒருவன் திரையில் படம் போட்டான். கட்டம் கட்டமாக ஒரு சார்ட், கட்டத்துக்குள் புள்ளிகள். ஒவ்வொரு புள்ளியும் உலகத்தில் எங்கோ யாரோ வாங்கின ஒரு பேட்டன்ட். 'இதைக் கண்டுபிடித்தது நான், இத்தனை வருஷத்துக்கு என்னைக் கேட்காமல் வேறு யாரும் செய்யக் கூடாது' என்று சர்க்காரிடம் எழுதி வாங்குகிற உரிமைதான் பேட்டன்ட். பேக்கிங் கட்டத்தில் புள்ளிகள் ஈ மொய்த்த மாதிரி. வாசனைக் கட்டத்திலும் அப்படித்தான். ஒரே ஒரு கட்டம் மட்டும் சுத்த வெள்ளை. தலைப்பு: வளைந்த குச்சியை மெஷினுக்குள் அனுப்புவது.

"இதுக்குப் பேருதான் கேப் அனாலிசிஸ்" என்றான். "எல்லாரும் கூட்டமா இருக்கற எடத்துல நாம போய் மோத வேண்டாம். யாருமே கால் வைக்காத எடம் இது. அடுத்த மூணு வருஷத்துக்கு நம்ம ஆராய்ச்சி பூரா இங்கதான். மொதல்ல பேட்டன்ட் போடறோம், வேலி போடறோம், அப்புறம் மெஷின்."

குறை சொல்லக் கூடாது, யோசனை புத்திசாலித்தனமானதுதான். நானே இந்த ஊரில் பிழைத்தது அப்படித்தானே? மண்டி மொஹல்லாவில் அன்றைக்கு வரிசையாகக் கிரில் கடைகள். நானும் ஒரு கிரில் கடை போட்டிருந்தால் இன்றைக்கும் ஜன்னல் கம்பிதான் வளைத்துக்கொண்டிருப்பேன். பத்தி மெஷின் ரிப்பேர் ஆனால் தூக்கிக்கொண்டு போக ஊரில் ஒரு ஆள் இல்லை என்று பார்த்தேன். அந்தக் காலியிடத்தில் போய் உட்கார்ந்தேன். எனக்கு யாரும் சார்ட் போடவில்லை. தெருத் தெருவாக நடந்து பார்த்தேன், அவ்வளவுதான்.

ஆனால் அந்த வெள்ளைக் கட்டம் வெள்ளை இல்லை. அதனால் எழுந்து நின்றேன்.

"தம்பி, அந்தக் கட்டத்துல நான் பதினோரு வருஷமா நிக்கறேன்."

"ஃபைல் பண்ணிருக்கீங்களா சார்?"

"என்ன ஃபைலு?"

"பேட்டன்ட் நம்பர்."

"நம்பரெல்லாம் கெடையாது. மெஷின் இருக்கு. எறங்கி வா, உங்க கம்பெனி ஷெட்டுலயே ஓடுது, காட்டறேன்."

"சாரி சார். டேட்டாவுல இல்லன்னா எங்களப் பொறுத்தவரைக்கும் அது இல்ல."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். நான் கம்பெனி யஜமானரைப் பார்த்தேன். ஆயுத பூஜைக்கு என் ஷெட்டுக்கு வருஷா வருஷம் வருகிறவர். பொரியும் கடலையும் வாங்கிக்கொண்டு என் மெஷின் முன்னால் நின்று, "இதென்ன பொன்சாமி, இந்த ரப்பர் எதுக்கு?" என்று அவரே கேட்டிருக்கிறார். மூன்று தடவை விளக்கியிருக்கிறேன். இப்போது போனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தலை நிமிராமல் சொன்னார்:

"கூத்கொள்ளி பொன்சாமி, உக்காருங்க. உங்களது கைகெலசா. நல்ல கைகெலசா. இது டெக்னாலஜி. ரெண்டும் வேற வேற."

கைவேலையாம். சாப்பாடு ஏற்பாடு செய்திருந்தார்கள். நான் தொடவில்லை. கேட்டில் அந்த ஸ்டிக்கரைப் பிய்த்து, ரிஜிஸ்டரில் என் பெயர் மேலேயே ஒட்டிவிட்டு வந்தேன்.

3

அது என்ன வளைந்த குச்சி என்று கேட்பீர்கள்.

வெளிநாட்டுப் பத்தி மெஷினெல்லாம் ஊசி மாதிரி நேரான குச்சிக்காகச் செய்தவை. நம்ம மூங்கிலைச் சீவினால் நாலு குச்சியில் ஒன்று வில்லாக வளையும். அது மெஷின் வாயில் போய்க் குறுக்கே நிற்கும். மெஷின் நிற்கும். அதனால் குச்சி பொறுக்கவே தனியாக ரெண்டு பேர் உட்கார வேண்டும். வெளிநாட்டுக்காரனுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. தொல்லை இல்லாதவன் எதற்கு மருந்து கண்டுபிடிக்கப் போகிறான்? அந்தக் கட்டம் வெள்ளையாக இருக்க இதுதான் காரணம். கோட்டுத் தம்பிக்கு இது தெரியாது. அவன் ஒரு குச்சியைக் கையில் எடுத்துப் பார்த்திருக்க மாட்டான்.

பதினோரு வருஷத்துக்கு முன்னால், கர்நாடக எல்லையோரம் ஹனூர் பக்கம் ராமாபுரத்தில் பெண்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு ஷெட்டுக்கு மெஷின் கொடுத்தேன். அங்கே எல்லாரும் நம்ம பேச்சுத்தான் பேசுவார்கள், கொங்குப் பேச்சு. ஒரு வாரத்தில் போன் வந்தது. "சாமி, உங்க மெசினு நிக்கறதுதான் அதிகம், ஓடறது கம்மி. வந்து எடுத்துட்டுப் போயிருங்க." மானம் போயிற்று. போய் மூன்று நாள் மெஷின் பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் பிடித்துவிட்டேன். குச்சியை ஒரு தட்டில் போட்டு ஆட்டினால் வளைந்த குச்சி தானாகப் படுத்துக்கொள்ளும். வளைவு பக்கவாட்டில் திரும்பும். போகிற வழியின் ஒரு பக்கச் சுவரை இரும்புக்குப் பதிலாக ரப்பரில் வைத்தால், வளைவு வரும்போது சுவரே விலகி வழி விடும். ரப்பருக்கு எங்கே போனேன்? லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்குமே, சேறு தெறிக்காமல், அந்த ரப்பர். சங்ககிரியில் படித்த பாடம்.

அதற்குப் பிறகு ராமாபுரத்து மெஷின் நிற்கவில்லை. இன்னும் ஓடுகிறது.

4

மகள் ரேகா பெங்களூரில் இருக்கிறாள். இன்ஜினியரிங் முடித்தவள். வேடிக்கையைப் பாருங்கள், அவள் வேலையே இந்த சார்ட் போடுகிற வேலைதான், வேறு கம்பெனிகளுக்கு. சீனாக்காரன் எழுதினதைக்கூடக் கம்ப்யூட்டரில் மாற்றிப் படித்துவிடுவாள். அப்பன் தமிழில் எழுதினதைப் படிக்கத் தெரியாது. இந்தக் கட்டுரையையே நான் வாசித்துக் காட்டித்தான் கேட்டாள். அவளுக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுக்க எனக்கு அப்போது நேரமில்லை, மெஷின் செய்துகொண்டிருந்தேன். அந்தக் கோபத்தை யார் மேல் காட்டுவது?

மீட்டிங் நடந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை வந்தாள். வந்ததும் ஆரம்பித்தேன். "நீங்களெல்லாம் ஒரே கூட்டம். ஏசியில உக்காந்துகிட்டு, மனுசன் நிக்கற எடத்த காலியிடம்னு எழுதறவங்க."

"கத்தாதீங்கப்பா. நாலு வருஷம் முன்னாடியே ஃபைல் பண்ணலாம்னு சொன்னேன். என்கிட்டேருந்து எவன் திருடுவான்னு கேட்டீங்க."

"இப்பப் போடு. நாளைக்கே போடு. நான்தான மொதல்ல செஞ்சவன்?"

"இருங்க. வெளி ஆளுங்களுக்கு யாருக்கெல்லாம் காட்டினீங்க?"

"யாருக்கா? மேட்டகள்ளியில பாக்காதவன் எவன்? ஆயுத பூஜைக்கு ஷெட்டு கதவெல்லாம் தெறந்து வச்சு, மெஷினுக்கு செவந்திப் பூ போட்டு, ஓட்டியே காட்டுவேன். கேட்டவங்களுக்கு ரப்பரக் கழட்டிக் கையிலயே குடுப்பேன்."

"கையிலயா! எந்த வருஷத்துலேருந்து?"

"மொத வருஷத்துலேருந்து. நூறு பேருக்குக் கொறையாம வருவாங்க."

அவள் ரெண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டாள். "அஷ்டே, அவ்வளவுதான். முடிஞ்சுதுப்பா."

உள்ளேயிருந்து வீட்டம்மாவின் குரல்: "பொரி தீந்துபோனாலும் இவரு பேச்சு தீராதே. வந்தவங்க கையக் கழுவப் போனாக்கூட வாசல் வரைக்கும் போயி ரப்பரப் பத்திச் சொன்னாரு."

ரேகா பொறுமையாக விளக்கினாள். ஊருக்குக் காட்டிவிட்டால் அது புதுசு இல்லை. புதுசு இல்லாததற்குப் பேட்டன்ட் இல்லை. முதலில் காகிதம், அப்புறம்தான் காட்ட வேண்டும். சர்க்கார் அறிவித்த கண்காட்சியில் காட்டினால் ஒரு வருஷம் சலுகை உண்டாம். ஆயுத பூஜை அதில் சேராது.

அதாவது, நான் பெருமையாக ஒவ்வொருத்தருக்கும் காட்டக் காட்ட, என் உரிமையை நானே கழற்றிக் கழற்றிக் கையில் கொடுத்திருக்கிறேன். நூறு பேர் பார்த்தார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அந்த நூறும் எனக்கு எதிராகவே திரும்பிவிட்டது.

"அப்ப அவங்களுக்கும் கெடைக்காதே?" என்றேன்.

"கெடைக்கக் கூடாது. ஆனா ஆபீசர் தேடிப் பாக்கறது எழுத்துல இருக்கறதைத்தான். உங்க ஷெட்டு எந்த எழுத்துலயும் இல்ல. யாரும் சொல்லலன்னா குடுத்துடலாம். குடுத்துட்டா, உங்க மெஷின நீங்க செய்யக் கூடாதுன்னு அவங்க நோட்டீஸ் விடலாம். ராமாபுரத்து ஷெட்டுக்கும் விடலாம். அதுக்கப்புறம் நீங்கதான் கோர்ட்டுல நின்னு, நான்தான் மொதல்ல செஞ்சேன்னு நிரூபிக்கணும்."

என் கை செய்ததை என் கை செய்யக் கூடாது என்று இன்னொருவன் சொல்லலாம். இதைக் கேட்டபோது எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் போட வாத்தியார் விட மாட்டார்.

"போட்டோ இருக்கா? தட்டும் ரப்பரும் தெளிவாத் தெரியற மாதிரி?"

பதினோரு வருஷத்து ஆயுத பூஜைப் போட்டோக்களையும் போனிலும் ஆல்பத்திலும் தேடினோம். எல்லாவற்றிலும் நான் இருக்கிறேன். மாலையோடு, சால்வையோடு, மெஷின் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. தட்டும் ரப்பரும் என் முதுகுக்குப் பின்னால். ஒன்றில்கூடத் தெரியவில்லை. ரேகா சிரிக்கப் பார்த்து அடக்கிக்கொண்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

கடைசியில் அவள் சொன்ன வழி இது. "எழுதி அச்சுல வரணும்பா. தேதியோட, அளவோட, படிக்கறவன் அதப் பாத்தே செய்ய முடியற மாதிரி. அப்படி வந்துட்டா அதுக்கப்புறம் யாரும் அதச் சொந்தம் கொண்டாட முடியாது."

"அப்ப எவன் வேணும்னாலும் செய்வானே!"

"செய்வான். ஆனா எவனும் உங்கள நிறுத்த முடியாது."

"அவங்க ஏற்கெனவே போட்டிருந்தா?"

"போட்டிருந்தா பதினெட்டு மாசம் வெளிய தெரியாது. அப்ப சாட்சிகளக் கூட்டிட்டுப் போய் எதிர்க்கலாம், அதுக்கும் வழி இருக்கு. இன்னும் போடலன்னா இதோட கதவு சாத்தியாச்சு."

ரெண்டு நாள் அவளோடு பேசவில்லை. இனாமாக ஊருக்குக் கொடுப்பதற்கா நான் மூன்று நாள் ராமாபுரத்தில் உட்கார்ந்தேன்? பிறகு ஒன்று நினைவு வந்தது. சங்ககிரிப் பட்டறையில் என்னோடு வேலை பார்த்தவன் ஒருத்தன் லாரியின் பின்கதவுக்குப் புதுசாக ஒரு கொக்கி செய்தான். ஒரே தட்டில் திறக்கும், ஆடினால் திறக்காது. அடுத்த வாரமே எல்லாப் பட்டறையிலும் அந்தக் கொக்கி. நானும் பார்த்துத்தான் செய்தேன். அவனை யாரும் கேட்கவில்லை. அவனும் கேட்கவில்லை. என் தொழிலில் பாதி அப்படிப் பக்கத்துப் பட்டறையை எட்டிப் பார்த்துக் கற்றதுதான். மீதி பாதி நானே. சரி, எட்டிப் பார்த்தது முக்கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத உட்கார்ந்தேன். ரேகா பக்கத்தில் இருந்து ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"எங்க வேலையில ஒரு வெள்ளைக் கட்டத்தப் பாத்தா மூணு கேள்வி கேப்போம். யாருக்கும் தோணலயா, யாருக்கும் தேவையில்லையா, செஞ்சு பாத்து சரிப்படலயா. இந்த மூணையும் வச்சுத்தான் கம்பெனிக்கு எங்க போகலாம்னு வழி சொல்றோம். நாலாவது ஒண்ணு இருக்கு. எழுதாம யாராவது செஞ்சிட்டிருக்காங்களா? அத ஷெட்டுக்குப் போய்தான் பாக்கணும். யாரும் போறதில்ல. நானும் போனதில்லப்பா." அவள் அதைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் என்னைப் பார்க்கவில்லை. பிறகு, "ரப்பர் லாரிலேருந்து வந்துது. சரி. ஆட்டினா குச்சி படுத்துக்கும்னு உங்களுக்கு எப்படித் தோணிச்சு?" என்றாள்.



மேலே மூன்றாவது பகுதியில் நான் எழுதினதைத் திரும்பப் படித்துப் பாருங்கள். மூன்றாம் நாள் பிடித்துவிட்டேன் என்று எழுதியிருக்கிறேன். பதினோரு வருஷமாக அப்படித்தான் சொல்லி வருகிறேன். நடந்தது இது: மூன்றாம் நாள் நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தபோது, குச்சி பொறுக்குகிற அம்மா ஒருத்தி, முறத்தில் குச்சியைக் கொட்டி ரெண்டு தட்டுத் தட்டினாள். கோணல் குச்சியெல்லாம் சமர்த்தாகப் படுத்துக்கொண்டன. "இப்படித் தட்டுனா பொறுக்க லேசு சாமி" என்றாள். நான் அந்த முறத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மெஷினில் அந்த முறத்தைத்தான் இரும்பில் செய்து வைத்தேன்.

என் போட்டோக்களில் தட்டு என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது என்றேனே, அவளும் அங்கேதான் இருந்திருக்கிறாள்.

5

ராமாபுரத்துக்கு நேரில் போனேன். அந்த அம்மாவுக்கு இப்போது மூக்குக்கண்ணாடி வந்திருக்கிறது. விஷயத்தைச் சொன்னேன்.

"மொறத்தத் தட்டறதுக்கெல்லாம் பேரு போடுவாங்களா சாமி? அப்பறம் எங்க தெருவே வந்து வரிசையில நிக்கும்."

"போடத்தான் போறேன்."

"ஏன், பதினோரு வருசமா வாயில வராத பேரு இப்ப எதுக்கு?"

 கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே அவளே சொன்னாள்: "போடறதுன்னா முழுப் பேராப் போடுங்க. சின்னத்தாயின்னு மொட்டையா வேண்டாம். சின்னத்தாயம்மா."

இந்த ஆயுத பூஜைக்கும் ஷெட்டைத் திறந்தேன். பூசணிக்காய், பொரி, செவந்தி எல்லாம் உண்டு. ஒரே வித்தியாசம், மூலையில் ஒரு மெஷினை மட்டும் தார்ப்பாய் போட்டு மூடி வைத்திருந்தேன். ரேகா தன் சார்ட்டில் இன்னொரு வெள்ளைக் கட்டம் காட்டினாள், மழைக்காலத்தில் பத்தி உலர்த்துவது சம்பந்தமாக. காட்டிவிட்டு அவளே ஷெட்டுக்கு வந்து, ரெண்டு நாள் நின்று பார்த்தாள். அந்தக் கட்டத்துக்கு என்னிடம் ஒன்று இருக்கிறது. அதை இங்கே எழுத மாட்டேன். அதன் காகிதம் முதலில் போக வேண்டும். போகிற இடம் சென்னை. கர்நாடகாவுக்கும் பேட்டன்ட் ஆபீஸ் அங்கேதானாம்.

வாசலில் என் ஃபிட்டர் மாதேவுவை நிறுத்தி, வருகிறவர் போனிலெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டச் சொன்னேன். பாவம், அக்கம்பக்கத்தார் சிரித்துக்கொண்டே நீட்டினார்கள். கம்பெனி யஜமானரும் வந்தார். வெட்கம் என்பது சிலருக்குக் கிடையாது. மாதேவு அவர் போனுக்கு ரெண்டு ஸ்டிக்கர் ஒட்டினான். பொரியை மென்றுகொண்டே தார்ப்பாயைப் பார்த்தார்.

"இதென்ன பொன்சாமி, மூடி வச்சிருக்கீங்க?"

"கைகெலசா யஜமானரே. உங்களுக்கு எதுக்கு அது?"

இனி அளவுகள். வாத்தியாரே, இங்கேதான் கத்தரியை வைக்கக் கூடாது. பொங்கலுக்கு மலர் வந்ததும் ஒரு பிரதி எனக்கும், ஒரு பிரதி ராமாபுரத்துக்கும் வேண்டும். இன்னொன்று சென்னைக்குப் போகும் வேலை வந்தாலும் வரும். அங்கே தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருத்தராவது இருப்பார்.

ஒன்பது அங்குலக் குச்சிக்கு, பத்து அங்குல அகலத்தில் தகரத் தட்டு. மெஷின் பக்கம் ஒரு விரல் அளவு சாய்வு. தட்டுக்கு அடியில் முட்டை வடிவத்தில் ஒரு இரும்புச் சக்கரம், மெஷின் பெல்ட்டிலேயே சுற்றும், ஒவ்வொரு சுற்றுக்கும் தட்டை அரை அங்குலம் தூக்கிப் போடும். வளைந்த குச்சி படுத்து, வளைவு பக்கவாட்டில் வரும். தட்டின் முனையில் குச்சி ஒவ்வொன்றாகப் போகும் பள்ளம். பள்ளத்தின் இடது சுவர் இரும்பு. வலது சுவர் ரப்பர், நாலு மில்லி கனம், லாரிச் சக்கரத்துக்குப் பின்னால் தொங்குகிற ரப்பர் போதும். அதன் முதுகில் பேனாவுக்குள் இருப்பது மாதிரி மெல்லிய ஸ்பிரிங் மூன்று. வளைவு வந்தால் ரப்பர் ஆறு மில்லி வரை பின்னால் போகும். குச்சி போனதும் திரும்பி வரும். இவ்வளவுதான். யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். யாரும் யாரையும் நிறுத்த முடியாது.

தட்டியவர், ராமாபுரம் சின்னத்தாயம்மா. ரப்பர் வைத்தவன், சங்ககிரி பொன்னுசாமி. தேதி மலரின் அட்டையில் இருக்கிறது.